கடைசி ஜன்னல் கட்டிலின் அழுகையை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
பள்ளி வேன் ஓட்டுநர்
(பழைய காசநோய் மருத்துவமனை, மேல்மாடி, கடைசி ஜன்னல் கட்டிலில் இருந்த நோயாளியின் அக்கா).

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
அருங்காட்சியகங்கள் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: பழைய காசநோய் மருத்துவமனை அருங்காட்சியகம் – மேல்மாடி – கடைசி ஜன்னல் கட்டிலிலிருந்து அழுகைச் சத்தம் ஒலிபரப்புதல் – என் தந்தையார் பாதிக்கப்படுதல் – அழுகையை நிறுத்தவும், அவரைப் பேய் என்று விளம்பரம் செய்வதைக் கைவிடவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. பார்வையாளர் கருத்துப் புத்தகத்தில் நான் எழுதிய புகார். 2. காப்பாட்சியருக்கு நான் நேரில் கொடுத்த கடிதம். 3. அதற்கு அவர் அளித்த பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த விஷயமாக நான் எழுதுவது இது மூன்றாவது முறை. முதலில் தங்கள் அருங்காட்சியகத்தின் கருத்துப் புத்தகத்தில் எழுதினேன். பிறகு காப்பாட்சியர் அவர்களிடம் தனியே ஒரு கடிதம் கொடுத்தேன். கருத்துப் புத்தகத்தில் என் புகாருக்குக் கீழே யாரோ ஒரு சிரிக்கும் முகத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். கடிதத்துக்கு வந்த பதிலைப் பின்னால் தருகிறேன். அதைப் படித்தால், சிரிக்கும் முகமே பரவாயில்லை என்று தங்களுக்கும் தோன்றும். முந்தைய இரண்டையும் பணிவாகத்தான் எழுதினேன். இதையும் பணிவாக எழுதவே முயல்கிறேன். எங்காவது குரல் உயர்ந்திருந்தால், தினமும் வேன் நிறையப் பிள்ளைகளை அதட்டி ஓட்டுகிறவளின் தொண்டை என்று எண்ணிப் பொறுத்துக்கொள்ளவும்.

2. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மருத்துவமனை மூடிய பிறகு கட்டடம் பல வருடம் பூட்டிக் கிடந்தது. வௌவால் அடைந்து, கண்ணாடி எல்லாம் உடைந்து, அந்தத் தெருப் பக்கமே ஆட்கள் போகாத நிலை. உள்ளே பேய் இருக்கிறது, பெண் ஒருத்தி அழுகிறாள் என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சும் இருந்தது. பூட்டிய வீடு எதுவானாலும் ஊருக்கு அப்படி ஒரு பேச்சு தேவைப்படுகிறது, அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கள் துறை அதைச் சீர் செய்து அருங்காட்சியகமாகத் திறந்தபோது எங்கள் வீட்டில் உண்மையிலேயே சந்தோஷப்பட்டோம். இரும்புக் கட்டில்கள், எடை பார்க்கும் மேடை, எக்ஸ்ரே படத்தை மாட்டிப் பார்க்கும் விளக்குப் பெட்டி, மூடி போட்ட எச்சில் குவளைகள் எல்லாவற்றையும் துடைத்து ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். அதைச் செய்தவர்களுக்கு என் நன்றி. பேச்சோடு போக வேண்டிய பேயை ஒலிபெருக்கி வைத்து வேலைக்குச் சேர்த்தவர்கள் மீதுதான் என் புகார்.

3. என் தங்கைக்கு அந்த மருத்துவமனையில் வைத்தியம் நடந்தது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் அவளை 'வாலு' என்றுதான் கூப்பிடுவோம். பக்கத்து வீட்டுக்காரர் தும்முவதிலிருந்து பள்ளித் தலைமை ஆசிரியை கைக்குட்டை எடுப்பது வரை யாரையும் விட்டுவைக்காமல் நடித்துக் காட்டுவாள். நடித்துக் காட்டியதற்காக அடி வாங்குவாள். அடித்தவர் எப்படி அடித்தார் என்பதையும் அன்று சாயங்காலமே நடித்துக் காட்டுவாள்.

4. தொற்று நோய் என்பதால் குடும்பத்தாரை மேலே விடமாட்டார்கள். பார்வை நேரத்தில் நாங்கள் கீழே முற்றத்தில் நிற்க வேண்டும், நோயாளிகள் மாடி ஜன்னலுக்கு வருவார்கள். கத்திப் பேசினால் இருமல் வந்துவிடும் என்று நர்ஸ்கள் பேசவும் விடமாட்டார்கள். அதனால் அங்கே எல்லாமே கையும் துண்டும்தான். ஜன்னல் கம்பியில் துண்டு தொங்கினால், 'நான் நன்றாக இருக்கிறேன், நில்லுங்கள், வருகிறேன்' என்று அர்த்தம். துண்டை உள்ளே இழுத்துக்கொண்டால், 'பார்த்தது போதும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள்' என்று அர்த்தம். இதை யார் ஏற்படுத்தினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் போனபோதே அந்த வழக்கம் இருந்தது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு துண்டு, அதன் கீழே அண்ணாந்து பார்த்தபடி ஒரு குடும்பம். இந்த வழக்கத்தைப் பற்றித் தங்கள் அருங்காட்சியகத்தில் ஒரு வரிகூட இல்லை.

5. என் தந்தையார் பஸ் பணிமனையில் டயர் பிரிவில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்ததும் கை கழுவக்கூட நிற்காமல் நேரே முற்றத்துக்கு வருவார். அவர் தலை தெரிந்ததும் வாலு தொடங்கிவிடுவாள். பெரிய டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைத் தொலைத்துவிட்டுத் தேடுவது, அது அவர் கழுத்திலேயே இருப்பது, மாத்திரை கொடுக்கும் நர்ஸ் கண்ணாடிக்கு மேலே பார்ப்பது என்று ஜன்னலுக்குள் ஒரு நாடகமே நடக்கும். எங்களுக்காக மட்டும் இல்லை, முற்றம் முழுக்க அண்ணாந்து பார்த்துச் சிரிக்கும். அப்பா கரி படிந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார், முகமெல்லாம் கறுப்பாகிவிடும். அதையும் அவள் மேலிருந்து நடித்துக் காட்டுவாள்.

6. பிறகு ஒருநாள் துண்டு தொங்கவில்லை. பின்வாசலில் வந்து உடலை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். என் தந்தையார் அந்தக் கட்டடத்துக்குள் கடைசி வரை ஓர் அடிகூட வைக்கவில்லை. ஆனால் அவரிடம் ஒன்று மிச்சம் இருந்தது. "கடைசி வரைக்கும் சிரிச்சிட்டே இருந்தா என் பொண்ணு" என்று சொல்வார். அம்மா போன பிறகும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், முட்டி வலி வந்து படி ஏற முடியாமல் போன பிறகும் அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் மனிதர் நடமாடிக்கொண்டிருந்தார். தயவுசெய்து இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும். தங்கள் அருங்காட்சியகம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது இதைத்தான்.

7. திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அப்பா என்னிடம், "ஒரு தரம் கூட்டிட்டுப் போம்மா. மேல ஏறிப் பாக்கணும்" என்றார். பள்ளி விடுமுறை நாளில் கூட்டிப்போனேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். கை கழுவினார். வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் மறுபடியும் கழுவினார். மாடிப் படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கூடத்தின் கோடியில் அந்தக் கட்டில் இருந்தது. அதையொட்டி அந்த ஜன்னல். கீழேயிருந்து மட்டுமே பார்த்த கம்பியை அவர் கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான்.

8. அந்த நேரம் பார்த்துத் தங்கள் வழிகாட்டி ஒரு கூட்டத்தோடு வந்து சேர்ந்தார். பட்டப்பகலில் கறுப்புக் கோட்டு, கையில் டார்ச் லைட். ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டுக் கதை சொல்லத் தொடங்கினார். இந்தக் கட்டிலில் ஒரு பெண் இருந்தாளாம். நோய் என்று தெரிந்ததும் வீட்டார் கைகழுவி விட்டார்களாம். ஒருவர்கூடப் பார்க்க வரவில்லையாம். அவள் ஜன்னலைப் பார்த்து அழுது அழுதே செத்தாளாம். இன்றைக்கும் ஆள் கிட்டே போனால் அழுகிறாளாம். "யாருக்குத் தைரியம் இருக்கு, கட்டில்கிட்ட வாங்க பாக்கலாம்" என்றார். அப்பா ஏற்கெனவே கட்டில் அருகில்தான் நின்றிருந்தார். ஓர் அடி எடுத்து வைத்தார். கட்டிலுக்குள்ளிருந்து ஒரு பெண் விம்மி அழுதாள்.

கூட்டம் வீறிட்டது, பிறகு சிரித்தது. என் தந்தையார் இரண்டும் செய்யவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

9. அந்த அழுகை எப்படி வேலை செய்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். கட்டிலுக்கு அடியில் ஒரு கருவி இருக்கிறது. தினமும் முதல் கூட்டத்தோடு வரும்போது வழிகாட்டி அதை இயக்கிவிடுவார். அதற்குப் பிறகு எதிரே எது அசைந்தாலும் சத்தம் வரும். காப்பாட்சியர் நடந்தாலும் அழும். பூனை குறுக்கே போனாலும் அழும். அசைவு நின்றால் கொஞ்ச நேரத்தில் அழுகையும் நின்றுவிடும். இது கருவியின் குணம் என்று தங்களுக்கும் எனக்கும் தெரியும். என் தந்தையாருக்குத் தெரிந்தது வேறு. அவர் மறுநாளே தனியாகப் பஸ் ஏறிப் போனார். அதற்கு மறுநாளும் போனார். வந்து என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "நான் கிட்ட போனாத்தான் அழுறா. ஆடாம அசையாம நின்னா அழுகைய நிறுத்திக்கிறா."

அதனால் அவர் அசையாமல் நிற்கத் தொடங்கினார். முட்டி தேய்ந்த மனிதர், வீட்டில் பத்திரிகை எடுக்க எழுந்திருக்கவே என்னைக் கூப்பிடுகிறவர், திறப்பு நேரத்திலிருந்து மூடும் நேரம் வரை அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் மரம்போல நிற்கிறார். தண்ணீர் குடிப்பதில்லை. இருமல் வந்தால் அடக்கிக்கொள்கிறார். சாயங்காலம் பிள்ளைகளை இறக்கி விட்டுவிட்டு நான் போய்க் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்ததும் அவர் அசைவார், அவர் அசைந்ததும் அது அழும். அந்தச் சத்தத்தைக் கேட்டபடிதான் தினமும் அவரை நான் படி இறக்கி வந்தேன்.

10. நான் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் வழிகாட்டி அந்தப் பக்கம் போனதும் கட்டில் விரிப்பைத் தூக்கிப் பெட்டியை அப்பாவுக்குக் காட்டினேன். கம்பி எங்கே போகிறது, சத்தம் எந்தத் துளையில் வருகிறது எல்லாம் காட்டினேன். வாழ்நாள் முழுக்க இயந்திரங்களோடு வேலை பார்த்தவர்தானே, சட்டென்று புரியும் என்று நினைத்தேன். புரிந்தது. குனிந்து நன்றாகப் பார்த்தார். பிறகு, "பொட்டி இருக்கு, சரி. அதுக்குள்ள அழுறது யாரு?" என்று கேட்டார்.

11. அந்தக் கேள்வியைத்தான் நான் தங்கள் அருங்காட்சியகத்தில் எடுத்துக்கொண்டு அலைந்தேன். வழிகாட்டி, சத்தம் தன் பொறுப்பில் இல்லை, காப்பாட்சியரைக் கேளுங்கள் என்றார். காப்பாட்சியர், அது ஒப்பந்ததாரர் செய்தது என்றார். ஒப்பந்ததாரரின் போனை எடுத்தவர், எல்லாம் அருங்காட்சியகம் சொன்னபடிதான் செய்தோம், அங்கேயே கேளுங்கள் என்றார். மூவரும் சேர்ந்து என்னைப் பந்தாடினார்கள். கடைசியில் காப்பாட்சியர் எழுத்தில் தந்த பதில் இது:

"தாங்கள் குறிப்பிட்டுள்ள அழுகை பார்வையாளர்களிடையே நல்ல வரவேற்பைப் பெற்றுள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். மேற்படி கட்டிலில் பல நோயாளிகள் இருந்துள்ளனர். கதையில் வரும் பெண் கற்பனைப் பாத்திரம். எவரையும் குறிப்பிடுவது அன்று. தங்கள் தந்தையார் அந்த அறையைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்."

கற்பனைப் பெண் என்றால் கற்பனைக் கட்டிலில் படுக்க வைக்கட்டும். கற்பனை ஜன்னல் ஒன்றைக் கட்டிக்கொள்ளட்டும். கட்டிலும் ஜன்னலும் நோயும் நிஜம், அழுகை மட்டும் கற்பனை என்றால் எந்த மனிதருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும்? அந்தக் கட்டிலில் பல நோயாளிகள் இருந்தார்கள் என்பது உண்மைதான். அப்படியானால் யாரும் பார்க்க வரவில்லை என்று தங்கள் வழிகாட்டி சொல்வது எங்கள் குடும்பத்தை மட்டுமல்ல, அந்த முற்றத்தில் கழுத்து வலிக்க நின்ற அத்தனை குடும்பங்களையும் அவமானப்படுத்துவதாகும்.

12. இதற்கு நடுவே இன்னொரு கூத்து. என் தந்தையார் அசையாமல் நிற்பதை யாரோ போட்டோ எடுத்துப் பரப்பிவிட்டார்கள். சாத்திய ஜன்னல், அரை இருட்டு, நிற்கும் கிழவர். பார்த்தவர்கள் பயந்தார்கள் போலும். அடுத்த வாரம் தங்கள் அருங்காட்சியக வாசலில் புதுப் பேனர் தொங்கியது. அதில் என் அப்பா, கீழே 'அசையாத கிழவர்: நேரில் காணும் துணிவு உண்டா?' என்று எழுதியிருந்தது. நான் ஓட்டும் வேன் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். "ஆன்ட்டி, அது உங்க அப்பா மாதிரியே இருக்கு" என்று பிள்ளைகள் ஒன்றுகூடிக் கத்தின. நான் என்ன சொல்ல? மாதிரி இல்லை, அவரேதான், இன்னும் சாகவில்லை என்றா? உயிரோடு இருப்பவரை, டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வருபவரை, பேய் என்று பேனர் போடும் துறை வேறு எங்காவது இருக்கிறதா என்று தாங்களே சொல்லவும்.

13. இந்தக் காரியத்தில் மனிதராக நடந்துகொண்டவர் ஒருவர்தான். தங்கள் அருங்காட்சியகத்தில் டிக்கெட் கொடுக்கும் பெண்மணி. அவரிடம் போய், இந்தக் கிழவருக்கு இனி டிக்கெட் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சினேன். ஏன் என்று கேட்டார். மேலே எழுதிய அனைத்தையும் அந்தச் சின்ன ஜன்னல் வழியாகவே சொன்னேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாம் முணுமுணுத்தார்கள். கேட்டு முடித்ததும் அவர் ஜன்னலைச் சாத்தினார். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, என்னோடு மாடிக்கு ஏறினார். அப்பாவின் முன்னால் நின்று, "அப்பா, அது நான்தான் அழுதேன்" என்றார்.

திறப்பு விழா நெருங்கிய அவசரத்தில், வேறு யாரும் கிடைக்காமல், அவரைச் சாமான் அறையில் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே உட்கார வைத்து அழச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்ததாம். ஒலிவாங்கி பிடித்தவரும் சிரித்து, பல தடவை நிறுத்த வேண்டியிருந்ததாம். பிறகு எப்படியோ நிஜமாகவே அழுதுவிட்டாராம். அவர் சொன்னது போதும் என்று நான் நினைத்தேன். ஆனால் என் தந்தையார் விடவில்லை. அங்கே நடந்த பேச்சை நான் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். இது அலுவல் மனு என்பது நினைவில் இருக்கிறது. ஆனால் இதுதான் என் முக்கியச் சாட்சியம்.

"நீ எதுக்கும்மா அழுத?" என்று அப்பா கேட்டார்.

"அதுக்கு முந்தின நாள்தான் என் பொண்ண ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்தேன்பா. அது ஞாபகம் வந்துடுச்சு."

"போய்ப் பாக்க விடுறாங்களா?"

"மாசத்துல ஒரு தரம் விடுவாங்க."

"உள்ளயே விடுறாங்களா?"

"உள்ளயே விடுவாங்கப்பா. கட்டில்லயே உக்காந்து பேசலாம்."

"அப்ப சரி" என்றார் அப்பா. அன்றைக்கு நான் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவராகவே நடந்தார். பின்னால் கட்டில் அழுதது. அவர் டிக்கெட் பெண்மணியைப் பார்த்து, "நல்லாத்தான் அழுதிருக்க" என்றார். அந்தப் பெண்மணி அழவும் சிரிக்கவும் செய்தார்.

14. இதற்கு நிர்வாகம் செய்த கைம்மாறு கீழ்க்கண்டது. டிக்கெட் பெண்மணிக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்திருக்கிறார்கள். பணி நேரத்தில் இடத்தை விட்டு அகன்றதும், காட்சியின் இரகசியத்தைப் பார்வையாளரிடம் வெளியிட்டதும் குற்றமாம். என் தந்தையாருக்கு, காட்சிப் பொருள்களுக்கு இடையூறு செய்பவர் என்று அனுமதி மறுத்துவிட்டார்கள். பேனரில் மட்டும் அவர் இன்னும் இருக்கிறார். பேயாக உள்ளே இருக்கலாம், தகப்பனாக உள்ளே வரக் கூடாது என்பதுதான் தங்கள் துறையின் நிலைப்பாடா என்று அறிய விரும்புகிறேன்.

15. ஐயா, விஷயம் அத்தோடு முடியவில்லை. பெட்டிக்குள் அழுதது யார் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தச் சத்தம் அவருக்குள் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர், பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, "துண்ட உள்ள இழுத்துக்கிட்ட அப்புறம் அவ என்ன பண்ணியிருப்பா? நமக்காகத்தான் நடிச்சாளா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் இப்படிக் கேட்டதே இல்லை. இல்லைப்பா, அவள் அழுமூஞ்சி இல்லை என்று அடித்துச் சொன்னேன். ஆனால் நானும் முற்றத்தில் நின்றவள்தான். உள்ளே நடந்தது எனக்கும் தெரியாது. பெட்டியை ஒப்பந்ததாரர் வந்து கழற்றிவிடலாம். இந்தக் கேள்வியை யார் வந்து கழற்றுவார்?

அனுமதி மறுத்த பிறகு அவர் முற்றத்தில் நிற்கிறார். முற்றத்துக்கு டிக்கெட் தேவையில்லை, அங்கே புல்தரை போட்டு பெஞ்சு வைத்திருக்கிறார்கள், யாரும் விரட்ட முடியாது. பழைய இடத்தில், பழைய மாதிரியே அண்ணாந்து கடைசி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அன்றைக்கும் அவரை மேலே விடவில்லை, அதற்கு நோய் என்று ஒரு காரணம் இருந்தது. இன்றைக்கு என்ன காரணம்?

16. ஆகவே தாங்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(அ) கட்டிலுக்கு அடியில் உள்ள ஒலிக் கருவியை எடுத்துவிட வேண்டும். கூட்டம் குறையும் என்று காப்பாட்சியர் வருந்தினால், வௌவால்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

(ஆ) என் தந்தையாரின் படம் உள்ள பேனரை இறக்க வேண்டும். இறக்கியதை எங்களிடமே தந்துவிட வேண்டும், வேறு ஊர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பக் கூடாது.

(இ) டிக்கெட் பெண்மணிக்குக் கொடுத்த குறிப்பாணையைத் திரும்பப் பெற வேண்டும். அவர் வெளியிட்டது இரகசியம் அல்ல, உண்மை.

(ஈ) கட்டிலுக்குப் பக்கத்தில் பேய்க் கதைக்குப் பதிலாக ஒரு பலகை வைக்க வேண்டும். அதில் துண்டு வழக்கத்தைப் பற்றி எழுத வேண்டும். முடிந்தால், 'இந்த ஜன்னலில் இருந்த ஒரு பெண் முற்றத்தைச் சிரிக்க வைத்தாள், அவளைப் பார்க்கத் தவறாமல் ஆள் வந்தது' என்றும் சேர்க்கவும். அவள் பெயர் வேண்டாம். பெயர் தெரிந்தால் வழிகாட்டி டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு அதைக் கூப்பிடத் தொடங்கிவிடுவார், அவரை எனக்குத் தெரியும்.

(உ) என் தந்தையாருக்கு விதித்த தடையை நீக்கி, கூட்டம் இல்லாத ஒரு வேளையில், ஜன்னல் கதவுகளைத் திறந்து வைத்து, அந்தக் கட்டிலில் அவரை உட்கார விட வேண்டும். நிற்க வேண்டாம், உட்கார விட்டால் போதும்.

17. மனுவை இத்தோடு முடித்திருப்பேன். நேற்று நடந்த ஒன்றையும் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. இதைப் பற்றித் தங்களுக்கு எப்படியும் அறிக்கை வரும், அதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது.

நேற்று மாலை பிள்ளைகளை இறக்கிவிட்டு அப்பாவைக் கூட்டிவர முற்றத்துக்குப் போனேன். அவர் வழக்கம்போல அண்ணாந்து நின்றிருந்தார். மேலே, சாத்தியே கிடக்கும் அந்தக் கடைசி ஜன்னலின் கதவு ஒன்று திறந்திருந்தது. கம்பியில் ஒரு துண்டு தொங்கியது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அருங்காட்சியகம் மூடும் மணி அடித்ததும் ஒரு கை வந்து துண்டை உள்ளே இழுத்துக்கொண்டது. அப்பா கையை உயர்த்திக் காட்டினார். பிறகு நான் கூப்பிடாமலேயே திரும்பி நடந்து வந்து வேனில் ஏறிக்கொண்டார்.

யாருடைய கை என்று நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் இந்த மனுவில் எழுத மாட்டேன். என் தந்தையாருக்கும் ஏமாற்றம் எதுவும் இல்லை. வேன் தெருமுனை திரும்பும்போது அவரே சொன்னார்: "அந்தப் பொண்ணுக்குத் துண்டு கட்டத் தெரியல. சும்மா தொங்க விட்டிருக்கு. நம்ம வாலு முடிச்சுப் போட்டுக் கட்டுவா." சொல்லிவிட்டுச் சிரித்தார். வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டார்.

தயவுசெய்து அந்தத் துண்டைப் பற்றி விசாரணை எதுவும் வேண்டாம். விளக்கம் கேட்டு இன்னொரு குறிப்பாணையும் வேண்டாம். முக்கியமாக, அதையும் பேய்க் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

தங்கள் உத்தரவை முற்றத்தில் எதிர்பார்த்திருக்கும்,

(கையொப்பம்)
கடைசி ஜன்னல் நோயாளியின் அக்கா,
'அசையாத கிழவர்' என்று தாங்கள் விளம்பரம் செய்துள்ளவரின் மூத்த மகள்.

நாள்: அருங்காட்சியகத்தின் வார விடுமுறை நாள் (என் தந்தையார் வீட்டில் இருக்கும் ஒரே நாள்).
இடம்: வேனின் ஓட்டுநர் இருக்கை, பள்ளி வாசல்.

நகல்: டிக்கெட் கொடுக்கும் பெண்மணிக்கு, தகவலுக்காக. முடிச்சுப் போடும் முறையை நேரில் சொல்கிறேன்.